சீல் பிரிக்காத போன்

ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதரோடு குடும்பம் நடத்துவது என்ன பாடு என்று நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், ஏனென்றால் நானும் அவரிடம் கற்றுக்கொண்டவள்தான். லைசென்ஸ் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னபோது, தேர்வு அதிகாரியின் நாற்காலியைப் பார்த்து எடுத்துவிட்டேன். "மேடம், அது சேர். பார்க்கிங் அந்தப் பக்கம்" என்று மாஸ்டர் பதறாமல் சொன்னார். கல்யாணமாகி, மகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவருக்கு நான் மேடம்தான். கோபம் வந்தால் மட்டும் பெயர் சொல்வார். அப்படிச் சொன்னது மிகவும் குறைவு. கோபத்துக்கெல்லாம் சேர்த்து எங்கள் வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேனே.

அவருடைய பிழைப்பே வாய்தான். கிளட்ச்சை மிதி, மெதுவாக விடு, கண்ணாடியைப் பார், பயப்படாதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. வேறு இடமே கிடைக்கவில்லையா என்று நான் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார், எடுத்தால் பேச்சு இருக்காது என்றார் டாக்டர். கழுத்தில் ஒரு துளை போட்டு, அதன் வழியாகத்தான் மூச்சு.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி ஒரு வழி சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு, அது காட்டுகிற வாக்கியங்களையெல்லாம் வாசிக்க வேண்டும். அது குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எதை டைப் செய்தாலும் அவர் குரலிலேயே பேசும். எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் கேட்காத நேரம் கிடையாது. அதனால் மாஸ்டர் பயிற்சிக் காரைத் தெருக்கோடியில் நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, ஏசியும் சத்தம் போடும் என்று அதையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து வாசித்தார். நான் வெளியே நின்று ஹாரன் அடிக்க வந்தவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். வாக்கியங்களும் சும்மா இல்லை. நாளை மழை பெய்யலாம், குதிரை வேலியைத் தாண்டியது, என் தம்பிக்கு நீல நிறம் பிடிக்கும் என்று ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாதவை. குளித்தவர் மாதிரி வியர்த்து இறங்குவார். "குதிரைக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேக்கணும் மேடம்" என்று அந்தக் கரகரத்த குரலில் சொல்வார். அந்தக் கரகரப்பும் சேர்ந்துதான் போனுக்குள் போனது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அதை இணையத்தில் ஒரு பிரதி போட்டு வைக்கச் சொல்லி மகள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். மாஸ்டர் கேட்கவில்லை. யார் குரலையோ திருடி அவர் வீட்டுக்கே போன் பண்ணி ஏமாற்றிய செய்தியைப் பேப்பரில் படித்திருந்தார். தன் குரலில் எவனோ ஒருவன் என்னை மேடம் என்று கூப்பிட்டுவிடக் கூடாது என்பது அவர் கவலை. குரல் அந்த ஒரு போனுக்குள் மட்டும் இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் முதன்முதலாக அந்தப் போன் பேசியபோது நான் கிச்சனில் இருந்தேன். "மேடம், டீ கிடைக்குமா" என்று கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் மறுபடி டைப் செய்தார். "அழுதுட்டே போட்டாலும் பரவாயில்ல" என்றது. அவர் நக்கல்கூட அப்படியே இருந்தது.

வேலைக்கும் போனார். போனை டாஷ்போர்டில் ஒரு பிடிப்பானில் மாட்டிக்கொண்டு, கிளட்ச், பிரேக், கண்ணாடி, இடது என்று அடிக்கடி சொல்கிற வார்த்தைகளைப் பெரிய பெரிய பட்டன்களாக வைத்திருந்தார். தொட்டால் பேசும். முன்பைவிட மாஸ்டர் இப்போதுதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள் சொன்னார்களாம். நானும் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். வெயிலில் டாஷ்போர்டு எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். கண்ணுக்கு நேராக இருந்தால்தான் சாலையிலிருந்து பார்வை விலகாது, அதுதான் விதி என்றார். விதி என்று சொல்லிவிட்டால் அவரிடம் பேச்சு கிடையாது.

அந்த மாடல் போன்களில் கோளாறு இருப்பது கொஞ்ச நாளில் தெரிய வந்தது. சூடானால் தானாக அணைந்து, தானாகவே ஆன் ஆகி, கம்பெனி முத்திரையைக் காட்டி, மறுபடி அணையும். ஊரெல்லாம் அதே பேச்சு. எங்களுடையது முதலில் ஒரு ரவுண்டானாவில் அணைந்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பேங்க் அம்மா. போன் "பிரே" என்று சொல்லி நின்றுவிட்டது. அந்த அம்மா பிரேக் போடவில்லை. மாஸ்டரின் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பதால் பிழைத்தார்கள். குரலை வேறு போனுக்கு மாற்றலாம் என்று கேபிள் போட்டு உட்கார்ந்தோம். மாற்ற மாற்றப் போன் சூடாகும். பாதியில் அணையும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இணையத்தில் ஏற்றப் பார்த்தாலும் அதே கதை. ஐஸ் கட்டி மேல்கூட வைத்துப் பார்த்தோம்.

அப்போதுதான் அந்த வதந்தி கிளம்பியது. கம்பெனிக்காரன் அடுத்த மாடலை முன்கூட்டியே இறக்கப் போகிறான், கோளாறு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சும்மா தரப் போகிறான் என்று. முதலில் மகள்தான் அனுப்பினாள். அவள் ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். மறுநாள் கற்றுக்கொள்ள வந்த ஒருவரின் மைத்துனர் வழியாக இன்னொரு தகவல் வந்தது. அவருக்குக் கம்பெனியிலேயே ஆள் தெரியுமாம். பழைய போனில் இருப்பதை அவர்களே லேபில் வைத்து ஒன்றுவிடாமல் புதுப் போனுக்கு மாற்றித் தருவார்களாம். புதுப் பெட்டியின் போட்டோகூட வந்தது. மங்கலான போட்டோ. அதையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதன் வாலில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வந்தது. போனை வெளியில் கொடுத்துத் திறந்திருக்கக் கூடாது, உள்ளே இருக்கிற சீல் பிரிந்திருந்தால் ஒன்றும் கிடையாது.

மாஸ்டருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த நிபந்தனைதான் நம்பிக்கையைக் கொடுத்தது. சும்மா புளுகுகிறவன் நிபந்தனை போடுவானா என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கால் கடுக்க நின்றோம். கவுன்டரில் இருந்த பெண், எங்களுக்கு இன்னும் அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று மட்டும் சொன்னாள். வருமா என்றால் தெரியாது, வராதா என்றால் அதுவும் தெரியாது. ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணுங்கள் என்றாள். வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் நான் ஹெல்ப்லைனுக்குத்தான் பண்ணினேன். பதிவு செய்த ஒரு ஆண் குரல் வரும். எண்ணெய் போட்ட மாதிரி வழுவழுப்பான குரல். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து காத்திருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவன் ஒருநாளும் தொண்டை கட்டியவன் இல்லை என்று அந்தக் குரலைக் கேட்டாலே தெரியும்.

இதற்கு நடுவே போன் அணைவது அதிகமானது. ஒருநாள் பொறுக்க முடியாமல் மாஸ்டரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போன் ரிப்பேர்காரர் கடைக்குப் போனேன். சின்னக் கடை. மேசை மேல் ஒரு விளக்கு, பூதக்கண்ணாடி, ஊதினால் பறந்துவிடும் போல் திருகாணிகள். கடைக்காரரும் கழுத்தில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிந்தே வேலை செய்து கழுத்து வலியாம். இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரிப்பேர்காரர் போனைக் காதருகே வைத்து லேசாக அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"போர்டுல இருக்கற பெரிய சிப்பு சூடாகிச் சூடாகி விட்டுக்கிட்டு வருதுக்கா. இப்பவே திறந்து அதை ஒழுங்கா உக்கார வெச்சா உள்ள இருக்கறதை எடுத்துடலாம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சதுன்னா அப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

நிச்சயமா என்று கேட்டேன். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்று முடியும் என்று தோன்றுகிறது என்றார். எனக்கு அது போதும். திறங்க என்று சொல்லிவிட்டேன். அவர் சின்னக் கத்தி மாதிரி ஒன்றை எடுத்துத் திரையின் ஓரத்தில் வைத்தார். மாஸ்டர் போன் மேல் கையை வைத்து மூடிவிட்டார். பிறகு அதை எடுத்து டைப் செய்தார். போன் அவர் குரலில் பேசியது.

"திறந்தா சீல் போயிடும். கம்பெனி மாத்தித் தர மாட்டாங்க. அவங்ககிட்ட லேப் இருக்கு, அவங்களே எடுத்துக் குடுப்பாங்க. நாம காத்திருக்கலாம்."

காப்பாற்ற வந்த கையை அந்தக் குரலே தட்டிவிட்டது. நான் யாரோடு சண்டை போடுவது? ரிப்பேர்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, உங்க இஷ்டம் சார் என்றார். அவர் முகத்தில் ஏமாற்றமோ கோபமோ எதுவும் இல்லை. அந்த வாரம் முழுக்க எல்லோரும் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

திரும்பும்போது வேனை நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் கத்தினேன். யாரோ எவனோ சொன்னதை நம்பிக் கையில் இருக்கிற ஆளை நம்ப மாட்டேன் என்கிறீர்களே என்றேன். வாழ்நாள் முழுக்க விதி விதி என்று நின்று என்னத்தைக் கண்டீர்கள் என்றும் கேட்டேன். பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தேன். பக்கத்தில் அவர் எதையோ டைப் செய்தார்.

"பொறுமை மேடம். பச்சை விழும்."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அணைந்த போன் முத்திரையைக் காட்டிவிட்டு அணைந்தது, காட்டிவிட்டு அணைந்தது. விடிந்தபோது முத்திரையும் வரவில்லை. நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவர் பதில் சொல்ல வேண்டுமே, எதை வைத்துச் சொல்வார்? மாஸ்டர் அதை மகளின் பழைய கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக வைத்தார். கம்பெனி லேபில் செத்த போனிலிருந்தும் எடுப்பார்களாம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். மகளும் போனில் அதையே சொன்னாள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி மட்டும், பேச்சு வரும்வரை வீட்டில் ஓய்வெடுங்கள் மாஸ்டர் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

குரல் என்று பார்த்தால் பழைய வீடியோ ஒன்று இருக்கிறது. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் எடுத்தது. அதில் அவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "போதும் மேடம், நிறுத்து" என்பார். அவ்வளவுதான். அதை வைத்து ஆப்புக்காரர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று மகள் விசாரித்துச் சொன்னாள். எத்தனை முறை போட்டாலும் அது நிறுத்து என்று மட்டும்தான் சொல்லும். அன்றைக்கு என்ன சமையல் என்று கேட்காது.

ஒரு காலையில் அறிவிப்பு வந்தேவிட்டது. வதந்தி பொய்யில்லை. அடுத்த மாடல் முன்கூட்டியே வருகிறது, கோளாறான போன் வைத்திருப்பவர்கள் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளலாம். மகள் போன் பண்ணி, நான் சொன்னேன்ல என்று சந்தோஷத்தில் அழுதாள். மாஸ்டர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். என்னைப் பார்த்து அவர் எதுவும் எழுதிக் காட்டவில்லை. பச்சை விழுந்துவிட்டது பார்த்தாயா என்று அவர் முகமே சொன்னது. நானும் மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் வேனை ஓட்டினேன். அந்த மன்னிப்பைப் பிறகு திருப்பி வாங்கிக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டரில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றார். அவர் போன் திறந்து மூடாமல், பின்பக்கம் பிளந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. பாவம் இவருக்குக் கிடைக்காதே என்று நான் நினைத்தேன். கவுன்டர் பெண் அதை வாங்கினாள், திருப்பி எண்ணைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டாள். புதுப் பெட்டி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

நான் கவுன்டர் பக்கம் எட்டிக் குனிந்தேன்.

"அது வெளியில திறந்த போனாச்சே?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல மேடம். மாடல் நம்பர் மட்டும்தான் பாக்கறோம்."

"சீல் பிரிச்சிருந்தா கிடையாதுன்னாங்களே."

"யார் சொன்னாங்க? நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே."

அவள் சொன்னது உண்மை. அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. மகளின் ஆபீஸில் ஒருவர் சொன்னார், கற்றுக்கொள்ள வந்தவரின் மைத்துனர் சொன்னார், பெட்டியின் போட்டோ சொன்னது. நாங்கள் எங்களுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி அதைச் சட்டமாக்கி வைத்திருந்தோம். லேபில் உள்ளே இருப்பதை மாற்றித் தருவார்களா என்று அடுத்த கேள்வியையும் கேட்டேன். அப்படி ஒரு ஏற்பாடு இல்லை, தொட்டியில் இருப்பதெல்லாம் நொறுக்குவதற்குப் போகும் என்றாள். அவளுக்கு எங்கள் மேல் எரிச்சல்கூட இல்லை.

நான் மாஸ்டரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு ரிப்பேர்காரரிடம் போனேன். வழியில் இரண்டு சிக்னல். இரண்டிலும் நான் நிற்கவில்லை. மாஸ்டர் தடுக்கவும் இல்லை.

ரிப்பேர்காரர் இந்த முறை எதுவும் கேட்காமல் திறந்தார். சீல் என்பது ஒரு நகத்தளவு ஸ்டிக்கர். அவ்வளவுதான் அது. விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஏதோ மருந்து விட்டார், சூடு காட்டினார், ஒயர் சொருகிப் பார்த்தார். மாஸ்டர் ஸ்டூலில் முழங்கால் மேல் கைகளை வைத்து, ரிசல்ட்டுக்கு வந்த மாணவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு ரிப்பேர்காரர் விளக்கை அணைத்தார்.

"சிப்பே விரிசல் விட்டிருக்குக்கா. இனிமே யார்கிட்டப் போனாலும் வராது. அன்னிக்கே..." என்று ஆரம்பித்து, மாஸ்டரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் மறுபடி வரிசையில் நின்றோம். வேறு என்ன செய்வது. அந்தப் பெண் எங்கள் போனை வாங்கி, எண்ணைப் பார்த்துத் தொட்டியில் போட்டாள். குதிரை வேலியைத் தாண்டியது, என் தம்பிக்கு நீல நிறம் பிடிக்கும் எல்லாம் அதற்குள் போய் விழுந்தது. மற்றப் போன்களின் மேல் டக் என்று ஒரு சத்தம். மாஸ்டர் கைக்குட்டையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

புதுப் போன் நன்றாகத்தான் இருக்கிறது, சூடாவதில்லை. டைப் செய்தால் பேசுகிற வசதி அதிலேயே இருக்கிறது, தனியாக ஆப் வேண்டாம். அன்று சாயங்காலம் நான் கிச்சனில் இருந்தேன். ஹாலிலிருந்து குரல் வந்தது.

"மேடம், டீ கிடைக்குமா?"

ஹெல்ப்லைன்காரன். அதே வழுவழுப்பான குரல், அதே மரியாதை. கம்பெனி ஒரே ஆளின் குரலைத்தான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறது போல. எவன் என்னை மேடம் என்று கூப்பிடக் கூடாது என்று மாஸ்டர் பயந்தாரோ, அவனைக் கடைசியில் அவரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் கையில் கரண்டியோடு வந்து கதவருகே நின்றேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. மாஸ்டர் உடனே போனின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டார். அதன் பிறகு அதைக் கூட்டவே இல்லை. டிரைவிங் ஸ்கூலுக்கும் அவர் திரும்பப் போகவில்லை.

இப்போது எதையாவது சொல்ல வேண்டும் என்றால் எழுதித் திரையை என் பக்கம் நீட்டுவார். படித்துக்கொள்வேன். முதல் சில நாள் படிக்கும்போது அவருடைய கரகரப்பு என் காதில் தானாகவே கேட்டது. எனக்கு அதுவே போதும், இப்படியே காலம் தள்ளிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய ஆரம்பித்தது. அதைப் பிடித்து வைக்க வீடியோவைப் போட்டுப் பார்ப்பேன். அது நிறுத்து என்கிறது. நேற்று அவர் "மழை வரும் போல இருக்கு மேடம், துணியை எடுத்துடலாமா" என்று எழுதி நீட்டினார். படித்தேன். என் தலைக்குள் அதை ஹெல்ப்லைன்காரன்தான் படித்தான்.

மாஸ்டரிடம் சொல்லவில்லை. மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து வந்தேன்.